கைவேலை தெரிந்தவன் கோடும் போடட்டும்

(காரைக்குடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேசப்போவது தேர்தலைப் பற்றியல்ல. வயிற்றுப்பாட்டைப் பற்றி. நம் பிள்ளைகள் செய்யும் வேலையைப் பற்றி. மதரஸாவில் ஓதியவனுக்கு லேத் பட்டறையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அஜ்ரத், இது சரியா என்று பாருங்கள்" என்று வருகிற தம்பிகள் கற்றுக்கொடுத்த பாடம்தான் எனக்குத் தெரியும். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் பகுதிப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. படிக்கிறார்கள், பாலிடெக்னிக் படிக்கிறார்கள். முடித்த கையோடு திருச்சி துவாக்குடிக்கும், சென்னை அம்பத்தூருக்கும், ஓசூருக்கும், கோவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். வெல்டிங் வைக்கிறார்கள், லேத் ஓட்டுகிறார்கள், ஃபிட்டராக நிற்கிறார்கள். நாலைந்து வருடம் ஆனதும் வளைகுடா நினைப்பு வருகிறது. கடன் வாங்கிக் கப்பல் ஏறிய காலம் போய், கடன் வாங்கி விமானம் ஏறும் காலம் இது. ஏறிப் போய் அங்கே என்ன செய்கிறார்கள்? அதே வெல்டிங், அதே ஃபிட்டிங். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய வெயில் என்றால், மீதி நேரத்து வெயில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் உடம்பு தாங்கும். நாற்பத்தைந்தில் தாங்குமா?

தம்பி வெல்டிங் வைக்கிற அந்தக் குழாய் எந்த இடத்தில் வளையவேண்டும், எத்தனை அடிக்கு ஒரு தாங்கி வேண்டும், வால்வு எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்த ஒருவன் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறான். அவன்தான் டிசைனர். அவன் போட்ட கோட்டைத்தான் இவன் இரும்பாக்குகிறான். இவன் அந்த நாற்காலிக்குப் போக முடியாதா? முடியும். போனவர்கள் இருக்கிறார்கள். எப்படிப் போவது என்பதுதான் இன்றைய பேச்சு.

திருச்சி காட்டிய வழி

திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-ல் தொடங்கியது. அதற்குத் துணையாகத் துவாக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. மின் நிலையங்களுக்கான கொதிகலன் பாகங்களும் குழாய்களும் இரும்புச் சட்டங்களும் அங்கே உருவாயின. அந்தப் பட்டறைகளில் வேலை கற்றவர்கள் நாடெங்கும் போனார்கள், வளைகுடாவுக்கும் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் சிலர் மட்டும் பாதையில் திரும்பினார்கள். ஃபிட்டராக இருந்தவர், தன் கையில் கொடுக்கப்பட்ட ஐசோமெட்ரிக் டிராயிங்கைப் படிக்கப் பழகினார். பிறகு அதை வரையப் பழகினார். டிராஃப்ட்ஸ்மேன் ஆனார். சில ஆண்டுகளில் பைப்பிங் டிசைனர் ஆனார். அடுத்தவர் வரைந்ததைச் சரிபார்க்கும் செக்கரும் ஆனார். இந்தத் துறையில் படி ஏறும் வரிசை இதுதான்.

பட்டறையில் நின்றவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்லூரியிலிருந்து நேராக வந்தவன் திரையில் அழகாக வரைவான். இரண்டு ஃபிளாஞ்சுகளை நெருக்கமாக வைத்துவிடுவான். போல்ட்டை முடுக்க ஸ்பேனர் உள்ளே போகாது! வெல்டு வைக்கவேண்டிய இடத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவான். வெல்டர் தலையை எங்கே நுழைப்பார்? தளத்தில் அறுத்து மறுபடி ஒட்டவேண்டும். நாளும் போகும், பணமும் போகும். இந்தத் தவறு வெல்டிங் வைத்தவன் கண்ணில் முதலிலேயே படும். நீங்கள் வியர்வை சிந்திப் படித்த படிப்பு அது. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

என்னென்ன கற்க வேண்டும்?

மூன்று மாதக் கணினிப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, "நான் டிசைனர்" என்று சொல்லும் தம்பிகளைப் பார்க்கிறேன். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், பி.டி.எம்.எஸ். எல்லாம் எழுதுகோல்கள். எழுதுகோல் வாங்கியவன் எல்லாம் ஆலிம் ஆகிவிடுவானா? எதை வரைகிறோம், ஏன் அப்படி வரைகிறோம் என்பதுதான் படிப்பு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சாதாரண எஃகுக் குழாய் 100 மீட்டர் நீளம் ஓடுகிறது. உள்ளே போகும் நீராவியால் அதன் சூடு 100 டிகிரி உயர்ந்தால், குழாய் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கிக் கட்டிவைத்தால் குழாய் முறுக்கிக்கொண்டு தாங்கியை உடைக்கும். அதனால்தான் இடையில் பகர வடிவத்தில் ஒரு வளைவு கொடுக்கிறார்கள். அந்த வளைவைப் பட்டறையில் நூறு முறை செய்தவனுக்கும் அது எதற்கு என்று தெரிந்திருக்காது. அந்த 'எதற்கு' தெரிந்த நாளில் அவன் டிசைனர் ஆகத் தொடங்குகிறான்.

இன்னொன்று. லேத்தில் நிற்கும் தம்பிக்குத் தெரியும்: 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்று போட்டிருந்தால் 21 மைக்ரான் வரைதான் கூடலாம், ஒரு மைக்ரான்கூடக் குறையக் கூடாது. அவன் கை அதைப் பழகியிருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு எச்7 தேவையா, அதைவிடத் தளர்வாக விட்டால் போதுமா என்று தீர்மானிப்பவன் டிசைனர். தேவையில்லாத நுணுக்கம் செலவைக் கூட்டும். தேவையான இடத்தில் விட்டுவிட்டால் எந்திரம் ஓடாது.

வெளிநாடு போகிறவர் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் படங்களை முதல் கோண முறையில் வரையக் கற்றுத்தருகிறார்கள். அதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். அமெரிக்க முறை மூன்றாம் கோணம். அதில் மேல்தோற்றம் மேலேயே வரும். அமெரிக்க வழக்கைப் பின்பற்றும் கம்பெனியில் போய் இதைக் குழப்பினால் பாகமே தலைகீழாகிவிடும். படத்தின் மூலையில் இருக்கும் சிறு குறியைப் பார்த்து எந்த முறை என்று அறியவேண்டும். அதுபோல எண்ணெய், ரசாயன ஆலைக் குழாய்களுக்கு ஏ.எஸ்.எம்.இ. பி31.3 என்ற விதித்தொகுப்பும், மின் நிலையக் குழாய்களுக்கு பி31.1-ம் வழக்கில் உள்ளன. நேர்காணலில் இவற்றைத்தான் கேட்பார்கள்.

எங்கே படிப்பது? ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் என்ற இரண்டாண்டுப் பிரிவே இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையை விட முடியாத டிப்ளமோக்காரர்களுக்குப் பகுதிநேர பி.இ. உண்டு. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பதை அந்தந்த ஆண்டின் அரசு அறிவிப்பில் பாருங்கள். ஐதராபாத்தில் 1968 முதல் இயங்கும் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் அரசு நிறுவனம்தான். பாதை இருக்கிறது. நடக்கத்தான் ஆள் வேண்டும்.

பொய்க் காகிதம் வேண்டாம்

இப்போது கசப்பான பேச்சுக்கு வருகிறேன். "ஐந்து வருட டிசைன் அனுபவம் என்று ஒரு சர்டிபிகேட் போட்டுத் தருகிறோம், இவ்வளவு கொடு" என்கிற ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறான். வாங்காதீர்கள்! மார்க்கம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். உலக வழக்கிலும் அது உங்களைக் கவிழ்க்கும்.

குவைத்தில் 2018-ல் நடந்ததைக் கேளுங்கள். பொறியாளர் என்ற பதவியில் இக்காமா புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். இந்தியாவின் என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால்தான் அந்தச் சங்கம் சான்று தந்தது. உண்மையாகவே நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கி, பல வருடம் வேலையும் பார்த்தவர்களே தவித்துப்போனார்கள். மெய்யான பட்டத்துக்கே இந்தச் சோதனை என்றால், பொய்ப் பட்டம் எத்தனை நாள் நிற்கும்? சவூதியிலும் பொறியாளர் பதவிக்கு அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆகவே மகனைக் கல்லூரியில் சேர்க்கும் தகப்பன்மார்களே, கட்டடத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள். அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். டிப்ளமோ படித்தவர்கள் 'டிசைனர்' என்ற பதவியிலேயே போங்கள். பொறியாளர் என்று விசாவில் எழுதச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மெய்யான அனுபவத்துக்குச் சாட்சி சேர்த்து வையுங்கள். வருங்கால வைப்புநிதி பிடிக்கிற இடத்தில் வேலை பாருங்கள். அந்தக் கணக்கு நீங்கள் எங்கே, எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அழியாத சாட்சி. வெல்டர்கள் தேர்வுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் முதலாளியின் டிராயிங்குகளைச் செல்போனில் படம் பிடித்து எடுத்துப்போகாதீர்கள். அது அமானிதம். உங்கள் திறமையைக் காட்ட, வீட்டில் கிடக்கும் பழைய வால்வையோ பம்பையோ பிரித்து, அளந்து, நீங்களே வரையுங்கள். அப்படிப் பத்துப் படம் இருந்தால் போதும், நேர்காணலில் உங்களுக்காக அவை பேசும்.

ஏஜெண்ட் விஷயத்தில் எச்சரிக்கை. அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் பெயரைப் பதியுங்கள்.

இன்னொரு வழி சென்னையிலேயே இருக்கிறது. வெளிநாட்டு எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கான படங்களை வரையும் பெரிய அலுவலகங்கள் அங்கே உண்டு. முதலில் அங்கே மூன்று நான்கு வருடம் உட்காருங்கள். சம்பளம் தொடக்கத்தில் பட்டறைச் சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். சபுர் வேண்டும். அங்கே பழகியவரை வளைகுடா தானாகத் தேடும். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இது ஏற்ற வேலை.

கூடாரத்தை வரைந்தவர்

ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர்கள் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், மொத்தம் 210. அந்த மாபெரும் நிழலின் கட்டமைப்பு வடிவமைப்பில் முதன்மையாக நின்றவர் டாக்காவில் 1929-ல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டாக்காவில் பொறியியல் படித்தார், கல்லூரியில் பாடமும் நடத்தினார். 1952-ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார். சிகாகோவில் கட்டப்பட்ட, 442 மீட்டர் உயரமுள்ள சியர்ஸ் கோபுரம் அவருடைய கட்டமைப்பு முறையில் எழுந்ததுதான். 1982-ல் ஜித்தாவிலேயே இறந்தார். அந்தக் கூடாரத்தைத் தூக்கி நிறுத்த எத்தனையோ பேர் வெயிலில் உழைத்தார்கள். அவர்கள் உழைப்புக்கு நம் சலாம். அவர்கள் தூக்கி நிறுத்தியதன் கணக்கைப் போட்டது நம் துணைக்கண்டத்து மூளை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இது புதிதும் அல்ல. 1206-ல் அல்ஜஸரி என்ற கைவினைஞர் ஐம்பது எந்திரங்களைப் படம் போட்டு, எப்படிச் செய்வது என்று விளக்கி நூல் எழுதினார். செய்யத் தெரிந்தவர் வரைந்ததால்தான் அது நிலைத்தது.

வணிகப் பெருமக்களுக்கு

நாம் நிற்கும் ஊரைப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. திருச்சியில் நம் சமுதாய வணிகர்கள் 1951-ல் ஜமால் முஹம்மது கல்லூரியைக் கொண்டுவந்தார்கள். கடைக்காசு கல்வியான வரலாறு நம் கண் முன்னே இருக்கிறது.

நான் கல்லூரி கட்டச் சொல்லவில்லை. மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, ஓர் அறை, நான்கு கணினி, ஒரு வரைபட மேசை. விடுமுறையில் ஊர் வரும் டிசைனர்கள் அங்கே வந்து பாடம் சொல்லட்டும். இரண்டு, வட்டியில்லாக் கடன். வாங்கிப் படித்தவர் வேலைக்குப் போனதும் திருப்பித் தரட்டும், அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். மூன்று, உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் மாலை வகுப்புக்குப் போகக் கேட்டால் இரண்டு மணி நேரம் முன்னதாக விடுங்கள். அவன் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

தம்பிமார்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. நாளைக்கு வேலைக்குப் போனதும் கையில் வரும் டிராயிங்கை, வேலை முடிந்ததும் மூலையில் வீசாதீர்கள். ஒவ்வொரு கோட்டையும் காட்டி, "இது ஏன் இப்படி?" என்று மேற்பார்வையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். அந்த அறை எப்போது திறக்கும் என்று காத்திருக்கவேண்டாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் சகோதரர்களிடம் இப்போதே எழுதிவிட்டுப் போங்கள். எத்தனை பெயர் சேர்கிறதோ அதைக் கொண்டுதான் வணிகர்களின் வாசலுக்கு நாங்கள் போகவேண்டும்.