வீட்டு அடுப்பும் மட்டசனமும்

(பொன் விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன் விழா ஆண்டில் குடும்ப நலம் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். குடும்ப நலம் என்றதும் செபம், ஒற்றுமை, சிக்கனம் என்று பேசுவது வழக்கம். இன்று நான் அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறேன். சாமியாருக்குச் சமையலைப் பற்றி என்ன தெரியும் என்று தாய்மார்கள் சிரிக்கலாம். உங்கள் வீடுகளில் உண்டு பழகியவனுக்கு அதைப் பற்றிச் சிந்திக்கவும் கொஞ்சம் உரிமை உண்டு அன்றோ?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் நம் குமரி மாவட்டத்து வீடுகளில் எழும் மணத்தை நீங்கள் அறிவீர்கள். முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பதோ சிறுபயறு. பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயையும் எள்ளையும் தனித்தனியே வறுத்து, ஏலமும் சுக்கும் பொடித்துச் சேர்த்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊற்றி, சூடு ஆறுமுன் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் இட்டு எடுக்க வேண்டும். ஒரு பகல் முழுவதும் நான்கு பேருக்கு வேலை. அச்சு முறுக்கும் அப்படியே. அச்சு சரியாகக் காயாவிட்டால் மாவு அதில் பிடிக்காது. அளவுக்கு மேல் காய்ந்துவிட்டாலும் பிடிக்காது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பண்டத்தைத் தினமும் தின்ன முடியுமா? முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை செய்வார்கள். செய்ததிலும் பாதி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். எனவே அந்த உழைப்பே அளவுகோலாக இருந்தது. யாரும் யாருக்கும் கட்டுப்பாடு விதிக்கவில்லை. உரலும் அடுப்பும் விதித்தன.

இன்று என்ன நடக்கிறது? உழைப்பைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அதோடு அளவும் போய்விட்டது. விழாநாள் பண்டம் அன்றாடப் பண்டமாகிவிட்டது. பிறந்தநாளா, கேக். தேர்வில் வெற்றியா, கேக். பள்ளியிலிருந்து பிள்ளை வந்ததும் ஒரு பொட்டலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டுள்ளது. வீடுகளைச் சந்திக்கப் போகும்போது நான் காண்பதும் அதுவே. கால் புண் ஆறாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் தகப்பனாரைப் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் கேக் வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டியைப் பார்க்கிறேன்.

இனிப்பைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்து தேநீர், தேநீருக்கு இரண்டு கரண்டி என்றால் பத்து ஆகிவிட்டது! கேக்கும் முந்திரிக்கொத்தும் வருவதற்கு முன்பே நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம். ஆகவே பழியை முழுவதும் விழாப் பண்டத்தின் மேல் போடாதீர்கள். தேநீரில் குறையுங்கள், விழாவில் மகிழுங்கள்.

பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்களை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் எது? மட்டசனம். மட்டசனம் என்றால் பட்டினி அன்று. உணவை வெறுப்பதும் அன்று. மட்டாக உண்பது, அவ்வளவே. வாழ்வு வெறுத்துப் பாலைநிலத்தில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை கூறவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். நல்ல உணவைச் சுவைத்து உண்பது இறைவனுக்கு ஏற்காத செயல் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கேக் என்றால் வெள்ளைக்காரன் பண்டம், வெளிச்சரக்கு இல்லாமல் ஆகாது என்பார்கள். 1883ஆம் ஆண்டில் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர், ஒரு தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய ஆங்கிலேயக் கேக்கைப் பார்த்து, உள்ளூர்ச் சரக்கையும் சேர்த்து கிறிஸ்து பிறப்புக் கேக் செய்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

மின் அடுப்பும் தேவையில்லை. அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, ஒரு தாங்கி வைத்து, மூடிச் சூடாக்குங்கள். கோதுமை மாவு 2 கோப்பை, நன்றாகப் பழுத்த ஏத்தன்பழம் 2, முட்டை 2, கருப்பட்டிப் பாகு முக்கால் கோப்பை, தேங்காய் எண்ணெய் அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சிறிது ஏலம். எல்லாம் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி உள்ளே வைத்து, இளந்தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். ஈர்க்கு குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். பதினாறு துண்டு போடலாம். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வேண்டுமானால் அடுத்த முறை பாகைக் குறைக்கலாம். வீட்டில் சுடுவதன் பெரிய நன்மை இதுவே. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நாட்டுப் பொருள் என்பதற்காக நோயாளி அள்ளித் தின்னலாகாது.

அன்றாட உணவுக்கும் நம் மண்ணில் குறைவில்லை. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் 1880 முதல் 1885 வரை ஆண்ட காலத்தில் பரவச் செய்த மரச்சீனி, அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஏழைகளின் உயிர் காத்தது. அதை மட்டும் தின்றால் வெறும் மாவுச்சத்து. சாளைக் கறியோடு தின்றால் புரதமும் நல்ல கொழுப்பும் சேர்கிறது. கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கம், அதிலுள்ள நச்சைப் போக்குவதற்காக நம் முன்னோர் கண்டது. சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் சேர்வதும் அத்தகையதே. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்புகிறது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தை விட்டுவிட்டு, பிள்ளைக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பது எந்த வகையில் அறிவுடைமை?

இறுதியாக ஒன்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆண்கள் வீட்டுக்குப் போய், "சாமி சொல்லிவிட்டார், இனிமேல் எல்லாம் வீட்டிலேயே செய்" என்று மனைவியிடம் கட்டளையிட்டால் என் பேச்சு வீண். அடுப்படி தாய்க்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அன்று. தேங்காய் துருவுவதும் பயறு திரிப்பதும் மாவு கலக்குவதும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும். முந்திரிக்கொத்தின் பாகுப் பதம் நம் பாட்டிமாரின் விரல்நுனியில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. அவர்களோடு அது கல்லறைக்குப் போய்விடக்கூடாது.

ஆகவே இந்தப் பொன் விழா ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் மகனும் மகளும் ஒரு பண்டமாவது பாட்டியிடம் கற்றுக்கொள்ளுங்கள். செய்ததைத் தனியே வைத்துத் தின்னாமல் ஒரு தட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். நோயுற்றவருக்கு அவருக்கு ஆகிற உணவைச் செய்து, அவரையும் அதே பந்தியில் அமர்த்துங்கள். சுவையும் உடல் நலமும் உறவும் நம் வீடுகளில் ஒன்றாய்த் தழைக்க இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.