முதலாண்டு வைத்தியருக்கு வேண்டிய குணங்கள்



நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் மருத்துவ பீடத்திலே தேறிவிட்டால் நீர்வேலி முழுவதும் பெருமை கொள்கிறது. ஆனால், தேறிய அன்றே அவர் முழு வைத்தியராகி விடுவதில்லை. ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறவேண்டும். பொது வைத்தியம், சத்திரசிகிச்சை, குழந்தை வைத்தியம், மகப்பேறு முதலிய துறைகளுள் இரண்டிலே, ஆறாறு மாதமாக அது நடைபெறும். இரவு பகலாக வாட்டிலே நிற்கவேண்டிய அந்த ஆண்டைக் கடக்கப் பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது. குணமும் வேண்டும் என்பதே நமது கருத்து.

முதலாவது, தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் பணிவு. நடுச்சாமத்திலே ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது. மருந்தின் அளவிலே புது வைத்தியருக்கு ஐயம். மேல் வைத்தியரை எழுப்பிக் கேட்டால், "இதுவும் தெரியாதா?" என்பாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை ஓர் உயிராகலாம். ஏச்சு விடிந்தால் ஆறிவிடும். போன உயிர் மீளாது.

இரண்டாவது, தாதிமாரை மதித்தல். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பராமரிப்பவர் என வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். பல்லாண்டு வாட்டிலே நின்ற தாதி ஒருவர், "டொக்டர், இந்தப் பிள்ளையின் முகம் சரியில்லை" என்றால், உடனே எழுந்து போய்ப் பார்ப்பதே அறிவு.

மூன்றாவது, நோயாளியின் மொழியைக் கற்றல். பயிற்சி இடம் சொந்த ஊரிலேயே கிடைக்கும் என்பதில்லை. நம்மவர் சிங்களப் பகுதிக்குப் போகலாம். சிங்கள வைத்தியர் இங்கு வரலாம். இதற்கு வழிகாட்டி நமது குடாநாட்டிலேயே உண்டு. 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே பணிசெய்தார். கற்பிக்க வந்தவர் முதலிலே தமிழுக்கு மாணாக்கரானார். பின்னர் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய நூல்கள் தமிழிலே வர உழைத்தார். அவர் கிறிஸ்தவ மிஷனரி. நாமோ மிஷன் பாடசாலையிலே படித்த சைவர். சமயம் வேறாயினும் அந்தக் குணத்தைக் கற்க நமக்குத் தடையென்ன?

நான்காவது, தன்னுடலையும் பேணுதல். கிடைத்த நேரத்திலே உண்டு உறங்காதவர் பிறர் நோயைச் சரியாக அறிய மாட்டார்.

பெரியோர்களே, இக்குணங்கள் ஆஸ்பத்திரி வாசலிலே திடீரென முளைப்பவையல்ல, வீட்டிலேயே வேர்விடுபவை. பிள்ளை புத்தகத்தோடு வந்து, "எனக்கு விளங்கவில்லை" என்றால் ஏசாதீர்கள். அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்லப் பழகிய பிள்ளையே, நாளை நடுச்சாமத்திலே ஓர் உயிரைக் காக்கும்.