நடையைத் தடுக்கும் அடைப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிகழும் விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். மாலைதோறும் நம் குடியிருப்பில் காணும் ஒரு காட்சியே என்னை இப்பொருளுக்குத் தூண்டிற்று. பெரியவர் ஒருவர் கடைத்தெருவுக்குப் புறப்படுகிறார். சிறிது தூரம் சென்றதும் நின்று, சுவரொட்டியைப் படிப்பவர்போல் பாவனை செய்கிறார். இரண்டு நிமிடம் கழித்து நடக்கிறார். ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் நிற்கிறார். வினவினால், "வயதாகிவிட்டது, வாதம்" என்கிறார். ஜெர்மானியர் இதனைக் கடை பார்ப்போர் நோய் என்று வேடிக்கையாக அழைப்பர். வேடிக்கைப் பெயரானாலும், கவனியாது விட்டால் காலையே இழக்கச் செய்யவல்ல நோய் இது.

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி, கொப்பூழின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து இரு கால்களையும் நோக்கிச் செல்கிறது. அக்கிளைகளே இடுப்புத் தமனிகள். புகையிலை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் இவற்றின் உட்சுவரில் படிவு சேர்ந்து, பல்லாண்டுகளில் வழி முற்றும் அடைபடலாம். சிறு கிளைகள் பக்கவழியாக ஓரளவு இரத்தத்தைக் கொண்டு செல்வதால் அமர்ந்திருக்கையில் துன்பம் தோன்றாது. நடக்கும்போதோ தசைகள் வேண்டும் அளவு கிடையாமையால் பிட்டமும் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெரிஷ் 1940-ல் இதனை விரித்தெழுதியபோது, ஆண்களுக்கு இல்லற வாழ்வில் நேரும் தளர்ச்சியும் இவ்வடைப்பின் அடையாளம் எனக் காட்டினார். நாணத்தால் இதை மறைப்போர் பலர், மருத்துவரிடம் மறைக்கலாகாது.

முதுகெலும்பு நரம்பு நெருக்கப்பட்டாலும் நடையில் வலி வரும். ஆனால் அவ்வலி தணிய அமரவோ குனியவோ வேண்டும். தமனி அடைப்பின் வலி வெறுமே நின்றாலே தணியும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது எளிய சோதனை. ஈவு 0.9-க்குக் கீழிருந்தால் அடைப்பு உண்டு என்று கொள்வர்.

அடைப்பை உள்ளிருந்தே திறக்கும் முறை பிறந்த கதை சுவையானது. 1953-ல் சுவீடன் நாட்டு செல்டிங்கர், ஊசி வழியே கம்பியையும், கம்பியின் மேல் மெல்லிய குழாயையும் தமனிக்குள் செலுத்தும் வழியைக் கண்டார். 1963-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் சார்லஸ் டாட்டர் ஒரு நோயாளியைப் படம் பிடிப்பதற்காகக் குழாயைச் செலுத்தியபோது, அடைபட்டிருந்த இடுப்புத் தமனி தற்செயலாகத் திறந்துகொண்டது. அத்தற்செயலை அவர் சிந்தனையாக்கினார். 1964 ஜனவரி 16-ஆம் நாள், காலை வெட்டிக்கொள்ள மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியை வேண்டுமென்றே விரித்தார். குளிர்ந்திருந்த பாதம் வெப்பம் பெற்றது. அம்மூதாட்டி இறுதிவரை தம் கால்களாலேயே நடந்தார். 1974-ல் சூரிக் நகரின் குரூன்ட்ஸிக் பலூன் முறையைப் புகுத்தினார். பால்மாஸ் அமைத்த ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய்க்கு, இடுப்புத் தமனியில் பயன்படுத்த 1991-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

இன்று இச்சிகிச்சை பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே நடைபெறுகிறது. தொடை மூட்டருகிலோ கையிலோ ஊசியிட்டுக் கம்பியைச் செலுத்துவர். நாட்பட்ட அடைப்பின் முகப்பு சுண்ணம் படிந்து கல்போல் இறுகியிருக்கும். ஆதலால் சில வேளை மேலிருந்தும் கீழிருந்தும் முயல்வர். கம்பி அடைப்பைத் துளைக்காவிடில், தமனிச் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து, அடைப்பைக் கடந்தபின் மீண்டும் உண்மை வழியை அடையச் செய்வதும் உண்டு. பின்னர் பலூனால் விரித்து ஸ்டென்டை நிறுத்துவர். பெருந்தமனி பிரியும் இடத்திலேயே அடைப்பிருந்தால், இணைந்த இரு மூங்கிற்குழல்கள்போல் இரண்டினைப் பக்கத்தில் பக்கமாக வைப்பர்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமனி கிழிந்து உட்குருதி பெருகலாம். துணுக்குகள் பெயர்ந்து கீழே அடைக்கலாம். படத்திற்கான மருந்து சிறுநீரகத்தை வருத்தலாம். நீண்ட அடைப்புள்ள சிலருக்கு அறுவையால் மாற்றுக் குழாய் பொருத்துவதே நிலைத்த பயன் தரும். வெறும் நடைவலி மட்டும் உடையவர்க்கு முதல் மருந்து வேறு: புகையிலையை விடுதல், கொழுப்பைக் குறைக்கவும் இரத்தம் உறைவதைத் தடுக்கவும் மாத்திரை, வலி வரும்வரை நடந்து நின்று மீண்டும் நடக்கும் பயிற்சி. இப்பயிற்சியை வாரம் மூன்று நாளேனும் அரைமணிக்கு மேலாக மூன்று மாதம் செய்தால் பலருக்கு நடைதூரம் கூடுகிறது.

ஆனால் படுக்கையிலேயே பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் உறக்கம் வருமெனில், அல்லது விரற்புண் ஆறாதிருப்பின், உடனே மருத்துவரை நாடுங்கள். திடீரெனக் கால் வெளுத்துக் குளிர்ந்து மரத்தால் அந்நேரமே மருத்துவமனை செல்லுங்கள். இதற்காகத் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. நம் பெங்களூரிலேயே பகவான் மகாவீர் ஜெயின் மருத்துவமனையில் இரத்தக் குழாய் நோய்களுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது.

அன்பர்களே! திறந்த குழாயைத் திறந்தே வைத்திருப்பது நோயாளியின் கையிலும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பின்னும் பீடியைத் தொடுபவர், தூர் வாரிய கால்வாயில் மீண்டும் குப்பை கொட்டுபவரே ஆவார். விட விரும்புவோர்க்குச் சிகரெட் உறையில் அச்சிட்டுள்ள 1800-11-2356 என்னும் இலவச எண் உதவும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் தந்தையாரிடமோ பாட்டியாரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடிகிறது?" அவ்விடை ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.