கிண்ணங்களை எண்ணினோம், பிள்ளைகளை எண்ணினோமா?

 

திகன மக்களுக்கு விளையாட்டின் பெருமையை எடுத்துச்சொல்ல ஒருவர் மேடையேற வேண்டியதில்லை. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பல்லேகல சர்வதேச மைதானம். டெஸ்ட் ஆட்டத்தில் 800 விக்கெட் எடுத்த முரளிதரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி வென்று, இந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த டங்கன் வைட், கண்டி திரித்துவக் கல்லூரியின் பிள்ளை. இவர்களைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினாலும் தகும்.

நான் பேச வந்தது வேறு பிள்ளைகளைப் பற்றி. மாகாண மட்டத்துக்குப் போன வலைப்பந்து அணியின் படம் அதிபர் அறையில் தொங்குகிறதே, அதில் ஓரத்தில் நிற்கும் பிள்ளையைப் பற்றி. எந்த ஆண்டு, எந்தக் கிண்ணம் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. படத்திலுள்ள பிள்ளைகளில் இன்று எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டால் அந்த வேகத்தில் பதில் வருவதில்லை.

படத்திலிருக்கும் பிள்ளை வகுப்பிலிருந்து எப்படி மறைகிறது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்தால் கோட்டம். கோட்டம் முடிந்தால் வலயம். பிறகு மாகாணம், அதையும் தாண்டினால் தேசியம். போட்டிக்குப் போன பிள்ளைக்கு இடாப்பில் வரவு போட்டுவிடுகிறோம். அது நியாயம்தான். ஆனால் அன்று வகுப்பில் திரிகோண கணிதம் தொடங்கியது, விஞ்ஞானத்தில் மின்னோட்டம் முடிந்தது. இடாப்பில் பிள்ளை வந்திருக்கிறது, கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்ததும், “விளையாடித் திரிந்தால் இப்படித்தான்” என்று அந்தப் பிள்ளையையே ஏசுகிறோம். கிண்ணம் வந்த அன்று அதே பிள்ளையைத் தோளில் தூக்கியவர்களும் நாம்தான். பிறகென்ன? ஒன்றில் பிள்ளை விளையாட்டை விடுகிறது, இல்லாவிட்டால் சாதாரண தரத்தோடு பாடசாலையையே விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறது.

விளையாட்டுக்கும் கல்விக்கும் அள்ளிக் கொட்டும் அமெரிக்காவிலும் இந்தக் கொடுமை நடந்தது. டெக்ஸ்டர் மேன்லி என்று ஒரு பெரிய அமெரிக்கக் கால்பந்து வீரர். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடி, அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்ப் புகழ் பெற்றவர். 1989இல் செனட் சபைக் குழுவின் முன் வந்து, தனக்கு வாசிக்கத் தெரியாமலே பல்கலைக்கழகத்தைக் கடந்துவிட்டதாகச் சொல்லி அழுதார். பாடசாலை முதல் பல்கலைக்கழகம் வரை அவருடைய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் யார்?

அடுத்த ஆண்டே, எத்தனை விளையாட்டு வீரர்கள் பட்டம் பெறுகிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய செனட்டர் பில் பிராட்லி, நியூயோர்க் அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். மைதானத்தின் வலியை மைதானத்திலிருந்து போனவரே சட்டமாக்கினார். ஆனாலும் ஒரு குறை இருந்தது. பட்டம் பெற்றாரா இல்லையா என்ற கணக்கு ஆறு ஆண்டு கழித்தே கைக்கு வரும். விக்டோரியா அணையின் நீர்மட்டத்தை மழைக்காலம் முடிந்த பிறகு ஒருமுறை பார்த்தால் போதும் என்று யாராவது இருப்பார்களா? அன்றன்று பார்த்தால்தான் வேண்டியதை அன்றன்று செய்யலாம்.

ஆகவே 2003ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் புதியதொரு கணக்கைக் கொண்டுவந்தது. உதவிப்பணம் பெறும் ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு புள்ளிகள். கல்லூரியில் தங்கியிருந்தால் ஒன்று, படிப்பில் தேவையான அளவு முன்னேறியிருந்தால் இன்னொன்று. அணி பெற்ற புள்ளிகளைப் பெறக்கூடிய புள்ளிகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். பின்னாளில் வைத்த எல்லைப்படி, 930க்குக் கீழே போனால் எச்சரிக்கை, தண்டனை.

இதை நம் ஊர்க் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 12 பேர் கொண்ட வலைப்பந்து அணி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று தவணை, ஆளுக்குத் தவணைக்கு இரண்டு புள்ளி. மொத்தம் 72. இரண்டாம் தவணையோடு இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், நான்கு புள்ளி போயிற்று. இன்னும் மூன்று பேர் ஆளுக்கு ஒரு தவணையில் பாடத்தில் சறுக்கினார்கள், மூன்று புள்ளி போயிற்று. மிச்சம் 65. வகுத்துப் பெருக்கினால் 903. அந்த அணி மாகாணக் கிண்ணத்தையே வென்றிருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் அது தோற்ற அணி. கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் போதும், எந்த வகுப்பாசிரியரும் இதைப் போடலாம்.

எண் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காத பாடங்களுக்கு ஒரு கட்டுரையை வாங்கிக்கொண்டு தாராளமாகப் புள்ளி போட்டிருக்கிறார்கள். 3,100க்கு மேற்பட்ட மாணவர்கள் அப்படிப் புள்ளி பெற்றார்கள், அவர்களில் பாதிக்குக் கிட்ட விளையாட்டு வீரர்கள். ஏட்டிலே முன்னேற்றம், தலையிலே ஒன்றுமில்லை. ஆகவே நாம் போடும் கணக்கோடு பிள்ளையின் கொப்பியும் மேசைக்கு வரவேண்டும்.

தண்டனை விஷயத்திலும் அவர்கள் போன வழியே நாம் போகக் கூடாது. 2011இல் தேசியக் கிண்ணம் வென்ற கனெக்டிகட் கூடைப்பந்து அணி, இந்தக் கணக்கில் தவறியதால் 2013 இறுதித் தொடரில் ஆட முடியாமல் போனது. முன்னால் இருந்தவர்கள் விட்ட குறைக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் வெளியே நின்றார்கள். கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட, வசதி குறைந்த கல்லூரிகளே இத்தகைய தடைகளில் அதிகம் சிக்கின. நம் வலயத்தில் அதே தண்டனையைக் கொண்டுவந்தால் அடி யார் தலையில் விழும்? தோட்டப் பாடசாலையின் தலையில் விழும், கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையின் தலையில் விழும். எண் குறைந்த இடத்துக்குத் தடை போகக் கூடாது. மேலதிக வகுப்பு போகவேண்டும், பஸ் காசு போகவேண்டும்.

பாடசாலையைத் தாண்டிய பிறகும் இதே கேள்விதான். நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில், விளையாட்டு போன்ற புறச்செயற்பாடுகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் மிளிர்ந்தவர்களுக்கென ஒவ்வொரு கற்கைநெறியிலும் 0.5 வீதம் வரை இடம் ஒதுக்கப்படுகிறது. பெற்றோரே, உயர்தரம் படிக்கும் உங்கள் பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போனால் இந்த வழியை மறந்துவிடாதீர்கள், சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். அந்த வழியாக உள்ளே போனவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிவியுங்கள் என்று இந்த மேடையிலிருந்து உரியவர்களைக் கேட்கிறேன்.

படிப்பை இடையில் விட்டுப் புகழ் பெற்றவர்களும் உண்டே என்பீர்கள். கிரிக்கெட் வீரர் சங்கக்கார கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கி, கிரிக்கெட்டுக்காக இடையில் விட்டார். அவருடைய தந்தை கண்டியில் சட்டத்தரணி. படிப்பை விடுவது சங்கக்காரவுக்கு ஒரு தெரிவு. நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரிவல்ல, வேறு வழியில்லாமல் நடப்பது. படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டவரும் நமக்கு இருந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இந்த நாடு பெற்ற முதல் தங்கம் அது. கலிபோர்னியாவில் பட்டமும் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவரை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால், “அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?” என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எங்களைக் கேளுங்கள்.

அதிபர்மாரே, வருகிற தவணையிலேயே தொடங்குவோம். அணிக்கு ஒரு கொப்பி போடுங்கள். தவணை முடிவில் வகுப்பாசிரியரும் பயிற்றுவிப்பாளரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, பிள்ளை இருக்கிறதா, படிக்கிறதா என்று பார்த்து இருவரும் கையொப்பமிடட்டும். போட்டி நாளில் தவறிய பாடத்தை அடுத்த வாரத்துக்குள் யார் நடத்துவது என்பதை, பஸ் ஒழுங்கு செய்யும்போதே எழுதிவையுங்கள். பழைய மாணவர் சங்கத்தாரே, கிண்ணம் வைக்கும் அலுமாரிக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் பயணச் செலவுக்குத் தாருங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில், கடைசியாக ஆடிய அணியிலிருந்து இந்த வருடம் நின்றுபோனவர்களின் பெயர்களை எழுதுங்கள். அடுத்த சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோருமுன் அவர்களுடைய வீடுகளுக்குப் போய்விடுங்கள்.