அளக்கப்படுவது செவியா, மொழியா?

(மக்கள் நல்வாழ்வு குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர்; பேச்சுக் குறைபாடு உடையோர் சுமார் 20 லட்சம் பேர். பத்தாயிரமும் அதற்கு மேற்பட்டோரும் பேசும் மொழிகள் 121 என்றும் அதே கணக்கெடுப்பு கூறுகிறது. இவ்விரு கணக்குகளையும் இணைத்துப் பார்க்கும்போதே பிரச்சனையின் முழு வடிவம் புலப்படும்.

செங்கற்சூளையில் உழைக்கும் சந்தாலிக் குடும்பத்தின் குழந்தையொன்று நகர மருத்துவமனைக்கு வருகிறது எனக் கொள்வோம். வெறும் ஒலியைக் கொண்டு செவியை அளக்கும் சோதனை, குறிப்பிட்ட ஒரு மொழியைச் சார்ந்ததன்று. சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லச் செய்யும் சோதனையோ மொழியைச் சார்ந்தது. அச்சொற்கள் இந்தியில் இருந்தால், அங்கே அளக்கப்படுவது செவித்திறன் மட்டுமன்று. குழந்தையின் இந்தி அறிவும்தான்.

பேச்சிலும் இதே பிழை நேரக்கூடும். அசாமிய மொழியில் தகர, டகர ஒலிகளுக்கிடையே வேறுபாடு இல்லை. அசாமியக் குழந்தை இந்தியில் இவ்விரண்டையும் ஒன்றாக ஒலிப்பது தாய்மொழியின் இயல்பேயன்றி நோயன்று. உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாடு, குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். இதை அறியாதபோது நலமான குழந்தை மீது குறைபாட்டு முத்திரை விழுகிறது. அல்லது உண்மையான குறைபாடு ‘மொழி தெரியாத பிள்ளை’ என்று ஒதுக்கப்பட்டு, சிகிச்சைக்குரிய ஆண்டுகள் வீணாகின்றன.

வீட்டில் ஒரே மொழி பேசுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறுவோரும் உளர். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. தாயின் மொழியைப் பறிப்பது சிகிச்சை ஆகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை அங்கீகரித்துள்ளது. அந்த உரிமை ஏட்டில் முடங்காதிருக்கப் பயிற்சிமுறை மாற வேண்டும். ஒரு சிகிச்சையாளர் 121 மொழிகளையும் கற்க இயலாது. ஆனால், குடும்பம் வழங்கும் மொழிகள் அனைத்தையும் கேட்டறியவும், அவற்றின் ஒலியமைப்பை ஆராயவும், மொழிபெயர்ப்பாளருடன் முறையாக இணைந்து பணியாற்றவும் அவருக்குக் கற்பிக்க இயலும். சோதனைகள் அந்தந்த மொழியிலேயே உருவாக்கப்பட வேண்டும். ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசியும் எட்டாவது அட்டவணையில் இடம்பெறாத கோண்டி போன்ற மொழிகளும் விடுபடலாகாது.

பழங்குடி, புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களின் மாணவர்களுக்கு இப்படிப்புகளில் இடமும் உதவித்தொகையும், அரசு மருத்துவமனைகளில் ஊதியத்துடன் மொழிபெயர்ப்பாளர்களும் வேண்டும். இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் இணைந்து முன்னெடுக்க வேண்டும், தோழர்களே!