ஆடுகளமும் பாடசாலையே
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம், தேர்வு நெருங்கியதும் முதலில் பறிப்பது குழந்தையின் விளையாட்டு நேரத்தையே. விளையாட்டுப் பாடவேளையில் கணக்கு நடந்தால், நல்ல பள்ளி என்று மெச்சுகிறோம். இது தகுமா?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு விரைய ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. எலும்பும் தசையும் உரம் பெறுவது அவ்வியக்கத்தாலன்றோ!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிதோறும் விளையாட்டுத் திடலும், வகுப்புகளுக்கு விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. ஆயினும் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியரை, 100 பேருக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கே அது விதிக்கிறது. ஆதலின் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஆடவைக்கும் பொறுப்புப் பெரும்பாலும் வகுப்பாசிரியரையே சார்கிறது. நாமோ அவரிடம் மதிப்பெண்ணை மட்டுமே கேட்கிறோம்.

செலவுக்கு அஞ்ச வேண்டா. பாண்டியாட்டத்திற்கு ஓர் ஓட்டுச்சில்லும் கரித்துண்டும் போதும். நம் சடுகுடு தெலுங்கில் செடுகுடு. ஒலி சிறிது மாறினும் ஆட்டம் ஒன்றே. அத்திடலில் நம் பிள்ளையும் அண்டை வீட்டுப் பிள்ளையும் மொழி வேற்றுமை மறந்து கைகோப்பர்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "எங்கள் குழந்தை நாள்தோறும் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறது?" என்று கேட்போமாக. மாலையில் தனிப்பாடத்திற்கு அனுப்புமுன் ஒரு நாழிகையேனும் ஆடவிடுவோமாக.