நியூகிரேஞ்சுப் புதைமேடு: கற்றோர் கூற்றும் ஊரார் வாக்கும்

(கிராம வாசிகசாலை விழா ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



அயர்லாந்து நாட்டிலே, பொயின் ஆற்றங்கரையிலே, வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே ஒரு புதைமேடு உண்டு. நியூகிரேஞ்சு என்பது அதன் பெயர். கி.மு. 3200 அளவில் எழுந்த அது, எகிப்தின் பெரும் பிரமிட்டுக்கும் ஏறத்தாழ 600 ஆண்டுகள் மூத்தது. குறுக்களவு 85 மீற்றர் வரையில். அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள். உள்ளே 19 மீற்றர் நீளமான ஒடுங்கிய வழி. அதன் முடிவில், இறந்தோரின் எரிந்த எலும்புகளை இட்ட கல்லறை. உலோகமும் எழுத்தும் அறியாத உழவர் சமைத்தது அது. கல்மேற் கல்லடுக்கி அவர்கள் அமைத்த கூரை, 5,000 ஆண்டு மழைக்கும் ஒழுகவில்லை!

1699இல், நிலத்துக்குரிய சாள்ஸ் காம்பெல் என்பவரின் வேலையாட்கள் கல் எடுக்க மேட்டைத் தோண்டினர், வாயில் வெளிப்பட்டது. கட்டியவர் யார் என்ற வினா எழுந்தது. டேனியரே கட்டினர் என்று 1726இல் எழுதினார் டப்ளின் பேராசிரியர் தோமஸ் மொலினியூ. வடகடல் கொள்ளையர் அத்தீவில் கால்வைத்ததோ கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில்! அத்தீவின் பழையோர் கட்டியிருக்கலாம் என்ற நினைவுக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

ஊராரோ வேறொன்று சொல்லிவந்தனர். ஏதோ ஒரு காலத்தில் உதயசூரியன் அம்மேட்டினுள் புகுவான் என்பதே அது. 1962இல் அகழ்வைத் தொடங்கிய பேராசிரியர் மைக்கேல் ஓ'கெலி அதனை எள்ளி ஒதுக்கவில்லை. கண்ணை மூடி நம்பவுமில்லை. வாயில் தென்கிழக்கை நோக்குகின்றது. ஆகவே ஆண்டின் மிகக் குறுகிய பகலிலேதான் அது கூடும் என்று கணித்தார். 1967 டிசெம்பர் 21ஆம் நாள் விடியலில், இருண்ட கல்லறையுள் தனியே நின்றார். வாயிலின் மேலுள்ள சிறு பலகணியூடாகக் கதிரவன் ஒளி நுழைந்து, வழியெல்லாம் கடந்து கல்லறைத் தரையைத் தொட்டது. 17 நிமிடம் அவ்வொளி நின்றது. ஊரார் வாக்கு மெய்யாயிற்று!

அன்பர்களே, இன்னுமொன்று. கி.மு. 2500ஐ ஒட்டி வேறு மக்கள் அங்கு வந்து பெருகினர் என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, கட்டியவரின் நேர்வழியினர் நாமே என இன்றைய அயர்லாந்து மக்கள் மார்தட்டுவதற்கில்லை. ஆயினும் அவர்கள் அதனைக் கண்போற் காக்கின்றனர். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற அம்மேடு, 1993இல் உலக மரபுரிமையாயிற்று. பழமை என்பது குருதியைக் காட்டிக் கேட்கும் சீதனமன்று. அம்மண்ணில் வாழ்வோரிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்.

ஆதலால், கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழங்கல்லோ தாழியோ தென்படின், மண்வெட்டியை நிறுத்துங்கள், அறிந்தோரை அழையுங்கள். முதியோர் சொல்லும் கதைகளை எழுதி வையுங்கள். பெருமை பேசுதல் எளிது. சான்றைக் காத்தலே கடமை!